நாலு மணிக்கு எழுந்து போகிறவர்

பிள்ளை பிறக்கிற காட்சி உள்ள எந்தப் படமும் அவரிடமிருந்து தப்ப முடியாது. "பாத்தனீரோ ரீச்சர், பிறந்து ரெண்டு நிமிசமாகேல்லை, தலையை நிமித்தித் தேப்பனைப் பாக்குது. அது மூண்டு மாசப் பிள்ளை. அஞ்சரைக் கிலோவுக்குக் குறையாது" என்பார். சொல்லும்போதே இரண்டு உள்ளங்கையும் மேலும் கீழும் அசைந்து அந்தப் பிள்ளையை நிறுத்துப் பார்க்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி, தாய் வேண்டுமா பிள்ளை வேண்டுமா என்று கேட்கிற டொக்டர்மார் மேல் அவருக்குத் தனிக் கோபம் இருந்தது. தன் உத்தியோக காலத்தில் அப்படிக் கேட்ட ஒரு டொக்டரை இன்னும் காணவில்லையாம். சுடுதண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஓடித் திரிகிற கிழவிகளைக் கண்டால், அது தேத்தண்ணிக்குத்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

அவர் எழுவைதீவில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது. சின்னன் பெரிது எல்லாம் அவரை மிசி என்றுதான் கூப்பிடும். நான் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நியமனத்தில் போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. என் வீடு கரம்பொன்னில். திங்கட்கிழமை காலை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறினால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவேன். எங்கள் ஆசிரியர் விடுதிக்கும் மிசியின் குவாட்டர்ஸுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகுவேலி மட்டும் இருந்தது. பின்னேரம் கடைசிப் படகு வந்து சேர்ந்துவிட்டால் பிறகு அந்தத் தீவுக்கு யாரும் வரப்போவதில்லை, யாரும் போகப்போவதும் இல்லை. கதைக்க நேரம் தாராளமாகக் கிடந்தது. நாங்கள் சினிமாவைப் பற்றிக் கதைத்தோம். சண்டை பிடித்தோம் என்றாலும் சரிதான்.

பல்கலைக்கழகத்தில் நான் திரைப்பட வட்டத்தில் இருந்தவள். கீழே எழுத்து ஓடுகிற வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு மரத்தடியில் இருந்து மணிக்கணக்காகப் பேசியவள். எனவே மிசியைத் திருத்தி எடுக்கலாம் என்று முதல் வாரமே தீர்மானித்துவிட்டேன். அவரும் என்னைப் பற்றி அதையேதான் தீர்மானித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய அளவுகோல் கிளினிக்கில் இருந்து வந்தது. பிள்ளைகளின் நிறையைக் குறிக்கிற அட்டையில் பச்சைப் பகுதி, செம்மஞ்சள் பகுதி, சிவப்புப் பகுதி என்று இருக்கும் அல்லவா, படங்களையும் அதற்குள்தான் போடுவார். அந்த ஆண்டு ஊரே கொண்டாடிய ஒரு பெரிய படத்தை, "நிறை காணாது, சிவப்புக்குள்ள நிக்குது" என்று சொல்லிவிட்டு மீன் அரியத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். கதாநாயகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டார். நான் யோசித்தேன். அவன் அடிக்கிறான், காதலிக்கிறான், மழையில் நிற்கிறான். வேலை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "பாத்தீரோ. மூண்டு மணித்தியாலம் படம், ஒரு நாள் வேலைக்குப் போறானில்லை. பிறகு அவனுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?" என்றார்.

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் இவனுக்கு ஆர் சாப்பாடு கொடுக்கிறது என்று மனம் கேட்கும். எத்தனையோ நல்ல படங்களை அந்த மனுசி எனக்குக் கெடுத்துவிட்டார்.

பழைய படங்களில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. அந்தப் படங்களில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் நிற்பார். அழுகை கூடத்தான், பாட்டு கூடத்தான், ஆனால் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கதைக்கிறார்கள் என்பார். இப்போதைய படங்களில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக் கதைக்கிறார்கள். இருட்டு வேறு. கரண்ட் பில்லுக்குப் பயந்தா படம் எடுக்கிறார்கள் என்று கேட்பார். இருட்டில் ஒரு அழகு இருக்கிறது, அது ஒளிப்பதிவாளரின் மொழி என்று நான் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். ஒளிப்பதிவாளர் அந்த மொழியில் கதைக்கிறது தனக்குக் கேட்கிறதாம், ஆனால் முகம் தெரியவில்லையாம்.

நம்மவர்கள் வருகிற இந்தியப் படங்கள் என்றால் அவருக்குக் கொண்டாட்டம். கடலுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு நடிகை எங்கள் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பேசுவாள். மிசி அதைப் பேசிக் காட்டும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். எங்கள் யுத்தத்தைப் பற்றிய படங்களுக்கு மட்டும் அவர் போவதில்லை. நான் காரணம் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைத் தீவுக்காரர்களிடம் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

இனி அவர் கதை சொல்கிற முறையைச் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு நாள் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக். வெயிலில் நடந்து வந்த கையோடு பிரஷர் பார்த்தால் கூடத்தான் காட்டும். காத்திருக்கச் சொன்னால் வீட்டில் அடுப்பில் என்ன கிடக்கிறது என்ற யோசனையிலேயே இருப்பார்கள், அப்போதும் கூடத்தான் காட்டும். எனவே மிசி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எல்லோரையும் நீட்டு வாங்குப் பலகையில் இருத்தி, கடைசியாகப் பார்த்த படத்தின் கதையைச் சொல்வார். பதினைந்து நிமிடம். கதை முடிந்த பிறகுதான் கையில் பட்டியைச் சுற்றுவார். அப்போதுதான் பிரஷர் உள்ளபடி நிற்கும் என்பது அவர் கண்ட உண்மை. கிளினிக்குக்கு நாள் இல்லாதவர்கள்கூடக் கதைக்காக வந்து குந்தியிருப்பார்கள். தீவில் பாதிப் பேருக்குப் புதுப்படம் என்றால் அது மிசியின் வாயால் வந்ததுதான்.

இதில் ஒரு பகிடி நடந்தது. ஒரு வார இறுதியில் கரம்பொன்னில் தம்பியின் லப்டொப்பில் ஒரு படம் பார்த்தேன். முடிவில் கதாநாயகி இறந்துபோகிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னபோது ஒரு தாய் என்னைத் திருத்தினாள். அவள் சாகவில்லையாம். இந்தியாவுக்குப் போய்த் தாதி வேலைக்குப் படிக்கிறாளாம். மிசி சொன்னவவாம். நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அந்தத் தாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அது உங்கட தம்பி எடுத்தது கள்ளக் கொப்பியா இருக்கும் ரீச்சர். அதில கடைசியை மாத்திப்போடுவாங்கள்" என்றாள்.

அன்று பின்னேரமே வேலியடிக்குப் போய்க் கேட்டேன். மிசி கொஞ்சமும் தடுமாறவில்லை. தான் எந்தப் படத்தினதும் கடைசியைப் பார்த்ததில்லை என்று சொன்னார். மாதத்தில் ஒரு நாள் அவருக்கு யாழ்ப்பாணத்தில் கூட்டம். மத்தியானத்தோடு முடியும். இரண்டரை மணிக் காட்சிக்குப் போவார். தீவுக்குக் கடைசிப் படகு ஊர்காவற்றுறையில் ஐந்து மணிக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் நாலு மணிக்குத் தியேட்டரை விட்டு எழும்பி பஸ் ஏற வேண்டும். டிக்கெட் கொடுக்கிறவர் அவருடைய வெள்ளைச் சீருடையைக் கண்டதும் கேட்காமலே ஓரக் கதிரையாகக் கொடுப்பார். திரையில் என்ன நடந்தாலும், யாருடைய கழுத்தில் கத்தி இருந்தாலும், நாலு மணிக்கு மிசி குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். எத்தனையோ வருடமாக இப்படித்தான். முடிவைப் படகில் வரும்போது தானே யோசித்து வைத்துக்கொள்வார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ஒரு படத்தின் கடைசி ஒரு மணித்தியாலத்தைப் பார்க்காமல் அதைப் பச்சை, சிவப்பு என்று தரம் பிரிக்க உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டேன். பாதிப் பரீட்சைத் தாளைத் திருத்திப் பிள்ளையைப் பெயிலாக்குவது போல இருக்கிறது என்றேன். மிசி சிரித்தார். "நாலு மாசத்தில வயித்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும், பிள்ளை எப்பிடி வளருது எண்டு. பெத்து முடியுமட்டும் பாத்துக்கொண்டிருந்தே சொல்லோணும்?" என்றார். நான் விடவில்லை. கர்ப்பம் பார்க்கிறதும் படம் பார்க்கிறதும் ஒன்றில்லை என்றேன். பிறக்கும்போது நீங்கள் எழும்பிப் போவீர்களா என்றும் கேட்டுவிட்டேன். அப்போது அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்குப் பட்டுவிட்டது என்று தெரிந்து எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாகக்கூட இருந்தது.

ஓகஸ்ட் விடுமுறையின் கடைசி வாரத்தில் அவருடைய கூட்டம் நடக்கிற நாளில் நானும் யாழ்ப்பாணம் போனேன். இருவருமாகப் படத்துக்குப் போவது என்று முதலே பேசியிருந்தோம். அன்று காலை மிசி தீவை விட்டு வெளிக்கிடும்போது வழக்கம்போல வயிற்றுப்பிள்ளைக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய், ஐந்து மணிப் படகில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். கூட்ட நாளில் அப்படிச் சொல்லாமல் அவர் படகேறுவதில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அந்த வீடுகள் பகலைக் கழிக்கும்.

அது ஒரு சின்னப் படம். பெரிய நடிகர் யாரும் இல்லை. தாய் விட்டுப்போன ஒரு வீட்டுக்காக ஒரு தமையனும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். தங்கை தையல் வேலை செய்கிறாள், தமையன் தபாற்கந்தோரில் இருக்கிறான். இடைவேளையின்போது மிசி என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு" என்றார். அவர் வாயில் இருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வர முடியாது.

நாலு மணியானது. திரையில் தமையன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தங்கையின் தையல் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். மிசி குடையை எடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். இன்றைக்கு ஒரு நாள் இருங்கள் என்றேன். ஊர்காவற்றுறையில் என் சித்தப்பாவுக்கு வள்ளம் இருக்கிறது, பொழுதுபடமுதல் அவர் கொண்டுபோய் விடுவார் என்றேன். தீவில் யாருக்கும் நாள் கிட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன். எனக்கென்ன, எனக்குப் படகு தேவையில்லை. கரம்பொன்னுக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

மிசி நின்றபடியே திரையைப் பார்த்தார். அந்தத் தமையன் சுவரில் காதை வைத்தான். மிசி இருந்துவிட்டார்.

தியேட்டரில் எப்போதும் போனைக் கையிலேயே வைத்திருப்பவர் அவர். அன்றும் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம் தன்னிடம் ஒரு போன் இருக்கிறதென்பதையே மிசி மறந்துவிட்டார். நான் படத்தை விட்டு இரண்டு மூன்று தரம் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நானே அந்தப் படத்தை எடுத்தது போல.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் போனைப் பார்த்தார். ஆறு தரம் அழைப்பு வந்திருந்தது. எல்லாம் ஒரே வீட்டில் இருந்து. என் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் வீடு. அந்தப் பிள்ளையின் தாய்க்கு மூன்றாவது வயிறு. நாளுக்கு மூன்று கிழமை இருந்தது. அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக இருந்தார்கள். மிசி திருப்பி அழைத்தார். மாமியார்க்காரி எடுத்தார். சத்தமாகக் கதைக்கிற மனுசி, பக்கத்தில் இருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது. நாலரைக்கே தண்ணீர் உடைந்துவிட்டதாம். வலி இடைவிடாமல் வருகிறதாம். மருமகளை இறங்குதுறைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களாம்.

"படகு வாறது தெரியுது மிசி. நீங்கள் அதிலதானே வாறியள்?" என்றார்.

 மிசி, "நான் அதில இல்லை. மகனை உடன வள்ளத்தை எடுக்கச் சொல்லுங்கோ. ஊர்காவற்றுறைக்குக் கொண்டு வாங்கோ, நான் துறையில நிப்பன்" என்றார். அடுத்த அழைப்பு ஆஸ்பத்திரிக்கு, அம்புலன்ஸுக்குச் சொல்ல. அதற்குப் பிறகு எழுந்து போய் பஸ் மிதிபலகைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை என்று ஒவ்வொரு தரிப்பிலும் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை.

படகோட்டி அன்று பத்து நிமிடம் அவருக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். தீவில் அந்தக் குடும்பம் அதைவிடக் கூட நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர்களுடைய வள்ளம் வீட்டுப் படலை வாசலுக்கு நேரே கரையில்தான் கிடந்தது. நாலே முக்காலுக்கே இறக்கியிருக்கலாம். மிசி வருகிற படகு என்று சொல்லி ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் அதைத் தொடவில்லை.

நாங்கள் துறைக்கு ஓடிப்போய் நின்று சில நிமிடத்தில் வள்ளம் வந்தது. கயிறு கட்டமுதலே மிசி உள்ளே இறங்கிவிட்டார். துறையில் நின்ற நாலு பெண்கள் சேலையால் மறைத்துப் பிடித்தார்கள். பிள்ளை அந்த வள்ளத்துக்குள்ளேயே பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து, சத்தம் இல்லாமல் பிறந்தது. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் முழுவதும் நான் கடவுளிடம் அல்ல, அந்தப் பிள்ளையிடமே கெஞ்சிக்கொண்டு நின்றேன். பிறகு அது அழுதது.

தாயையும் பிள்ளையையும் அம்புலன்ஸ் கொண்டுபோனது. இரண்டு பேரும் சுகம்.

அடுத்த வாரம் நான் தீவுக்குப் போனபோது அங்கே வேறொரு கதை தயாராக இருந்தது. மிசிக்குக் கூட்டத்தில் இருக்கும்போதே மனதுக்குள் ஏதோ பட்டதாம். வேண்டுமென்றே படகை விட்டுவிட்டுத் துறையில் காத்து நின்றாராம். கடவுள்தான் அவரை அங்கே நிறுத்தி வைத்தாராம். படகில் ஏறியிருந்தால் அவர் தீவுக்கு வந்து என்ன செய்திருப்பார், அங்கே நின்றபடியால்தானே பிள்ளை தப்பியது என்று படகிலேயே எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். கேட்கக் கேட்க எனக்கே அது நல்ல கதையாக இருந்தது. மிசியும் அதை அப்படியே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். யாருக்கும் நட்டமில்லாத கதை.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்ததும் மிசி பார்க்கப் போனார். என் மாணவியின் வீடு என்பதால் நானும் கூடப் போனேன். மிசி தராசை முற்றத்து வேம்பின் கிளையில் கொழுவி, பிள்ளையைத் துணித்தொட்டிலில் வைத்து நிறுத்தார். நிறை பச்சைக்குள் நின்றது. அட்டையில் குறித்தார். மாமியார் எங்கள் இருவருக்கும் கதிரை போட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் மிசியின் மனதுக்குப் பட்டது அம்மாளாச்சியின் செயல் என்று சொல்லத் தொடங்கினார்.

"கூட்டம் பன்ரண்டரைக்கே முடிஞ்சுது" என்றார் மிசி. "நான் படம் பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் எடுத்த நேரம் போன் கையிலதான் இருந்தது, படத்தில இருந்திட்டன். அஞ்சு மணிப் படகில வருவன் எண்டு சொல்லிப்போட்டு வரேல்லை. என்னைப் பாத்துக்கொண்டு நிண்ட நேரத்தில பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தால் அது என்ர பிழை. ஆகாமல் விட்டது என்ர கெட்டித்தனமில்லை."

 பிள்ளையின் தகப்பன் எழுந்து வேலிப்பக்கம் போய் நின்றான். மருமகள் பிள்ளையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள். மாமியாரின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அவர் மிசியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி மிசியைப் பார்த்தார்.

"தனியவோ போனனீங்கள்?"

"ஓம்" என்றார் மிசி. "தனியத்தான்."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சொல்ல ஒரு வசனம் போதும். வாய் வரவில்லை.

திரும்பி வரும் வழியில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "இருக்கிறதோ எழும்புறதோ எண்டு முடிவெடுத்தது நான்தானே. நீர் கையைத்தான் பிடிச்சனீர். உமக்கு இன்னும் ரெண்டு வருசம் இஞ்ச கிடக்கு, அந்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பிக்கோணும்" என்றார். எனக்கு அப்போது நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பொழுதுபடமுதல் தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த கிளினிக்குக்குப் பெண்கள் வந்தார்கள், வராமல் முடியாது. ஆனால் ஒருத்தியும் கதை கேட்கவில்லை. கதைக்காகவே வந்து குந்துகிறவர்கள் வரவில்லை. மிசி எல்லோரையும் வாங்கில் இருத்தி, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டுத்தான் பட்டியைச் சுற்றினார். பிரஷர் கூடத்தான் காட்டியது. இன்னுமொருக்கால் பார்ப்போம் என்று சொல்லித் திரும்பவும் பதினைந்து நிமிடம் இருந்தார்.

படத்தை அவர் விடவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. அடுத்த கூட்ட நாளிலும் போனார், நாலு மணிக்கு எழும்பி வந்தார். படம் ஒரு பிழையும் செய்யவில்லை, பிழை செய்தது தான் என்பது அவருடைய நிலைப்பாடு. வேலியடியில் எனக்கு மட்டும் சொன்னார், நானும் முன்போலவே சண்டை பிடித்தேன். அந்தத் தமையன், தங்கை படத்தைப் பற்றி ஒருநாள் துணிந்து கேட்டேன். கடைசிவரை பார்த்த ஒரே படமாயிற்றே. முடிவு நல்லது, தான் நினைத்திருந்ததைவிட நல்லது என்றார். இவ்வளவு காலமும் தன்னுடைய முடிவுகள் கொஞ்சம் இனிப்புக் கூடினவைதான் என்றும் ஒத்துக்கொண்டார். நான் வென்றுவிட்டேன். அந்த வெற்றி எனக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்துக்கு மாற்றம் வந்தது. அவர் படகேறிய அன்று துறையில் ஆட்கள் நின்றார்கள். நிறையப் பேர் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு மாற்றம் வந்தது அதற்கும் ஒரு வருடத்துக்குப் பிறகு. வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த வீட்டுக்கும் போனேன். வள்ளத்தில் பிறந்தவன் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினான். மாமியார் எனக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி போட்டுத் தந்து, வழிக்கென்று ஒடியல்மாப் பார்சலும் கட்டி வைத்திருந்தார். மூன்று வருடமும் ஒருநாள் பிந்தாமல் வந்து படிப்பித்த ரீச்சர் என்று சொல்லி என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"உத்தியோகம் எண்டால் உங்களைப்போல இருக்கோணும் பிள்ளை. இஞ்சையும் ஒருத்தி இருந்தவதானே, படம் பாக்கப்போன மிசி" என்றார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இனி இந்தத் தீவுக்கு நான் வரப்போவதில்லை, எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சொன்னால் அந்த மனுசி மிசியைப் பற்றிக் கொஞ்சம் வேறு விதமாகவாவது நினைப்பார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பார்சலை வாங்கிக்கொண்டேன். போய்வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்து படகேறினேன்.